பேணி மட்டும் வேண்டாம்

மகளுக்கு,

சாவகச்சேரியில் மாந்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துவிட்டேன். திங்கள் முதல் காய் பிடுங்குகிறோம். நீயும் மருமகனும் வேலைக்கு வாருங்கள். மருமகன் என்பதற்காகக் கூலி கூட்டித் தரமாட்டேன்.

காம்பில் வடியும் பால் பட்டால் தோல் வெந்துவிடும். முழுக்கைச் சட்டை கொண்டு வாருங்கள், தலைக்குக் கட்டப் பழைய துணியும்.

உன் மாமியாரையும் கூட்டி வா. சாதி பார்க்கும் நம் ஒழுங்கை வீடுகளுக்குக் கூலிக்கு வந்த காலமெல்லாம், தேநீர் குடிக்கத் தன் பேணியையே கொண்டுவந்த மனுசி. இனி அது வேண்டாம்.

“எங்கடை பேணியிலை அதுகள் குடிச்சால் நான் உன்ரை வாசல் மிதியன்” என்று உன் தாய்மாமா குதித்தார்.

“அப்ப தாகத்தோடை வீட்டிலை இருங்கோ, அண்ணை” என்றேன்.

இங்கே மாமாவுக்கென்றே வைத்திருந்த வெண்கலப் பேணியைப் புளி போட்டு மினுக்கிவிட்டேன். முதல் தேநீர் உன் மாமியாருக்கு, அதில்தான்.

வழி பார்த்திருக்கும்
அம்மா