செம்பிக்குக் கொடுத்த வெள்ளை மாத்திரை

எடப்பாடி
ஈசுவர வருஷம், மாசி மாதம்

என் கண்ணான சாரதாமணிக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. நாகபுரியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உங்கய்யனுக்கும் எனக்கும் உடம்பு சுகம்தான், மனசுதான் சரியில்லை. எப்போதும் உங்கய்யனைத்தான் எழுதச் சொல்வேன். இதை அவர் கையால் எழுதவைக்க வெட்கமாக இருக்கிறது, அதனால் நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தாலும் பொறுத்துப் படி சாமி.

நீ வளர்த்த செம்பி செத்துப்போச்சு. போன கடுதாசியில் பூனை சௌக்கியம் என்று எழுதச் சொன்னது நான்தான், அப்போதே அதைப் புதைத்தாகிவிட்டது. எப்படிச் செத்தது என்று நீ கேட்பாயே என்று பயந்துதான் அப்படிச் சொன்னேன். பொங்கல் நோம்பி முடிந்த வாரம் அது ஓட்டு மேலிருந்து விழுந்து பின்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டியது, தொட்டால் கத்தியது. உங்கய்யன் சேலம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். பூனைக்காக பஸ் ஏறினால் ஊர் சிரிக்கும் என்று நான்தான் தடுத்தேன். என் முழங்கால் வலிக்கு டாக்டர் கொடுத்த ஆஸ்பிரின் மாத்திரை இருந்தது, அதைப் போட்டால்தான் நான் தறியில் உட்காருவேன், எனக்குக் கேட்கிற மருந்து அதுக்குக் கேட்காதா என்று ஒன்றைப் பொடி பண்ணி யாருக்கும் தெரியாமல் பாலில் கலந்து வைத்தேன். குடித்துவிட்டு அசந்து தூங்கியது. என் வைத்தியத்தை நானே மெச்சிக்கொண்டு மறுநாளும் கொடுத்தேன்.

அப்புறம் அது பாலைக்கூடத் தொடவில்லை. எச்சில் ஒழுகி, மூச்சு வாங்கி, கடைசியில் ரத்தமாக வாந்தி எடுத்தது. பக்கத்து வீட்டுப் பொன்னாயி நூலையெல்லாம் எலி கடிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள் இல்லையா, அவள் வைத்த எலிப் பாஷாணம்தான் என்று நானே முடிவு கட்டி, சந்தில் நின்று, பிள்ளை இல்லாதவளுக்கு வாயில்லாச் சீவனோட அருமை எப்படித் தெரியும் என்று கத்திவிட்டேன். நான் ஒண்ணுமே வைக்கலீங்கக்கா, நம்புங்க என்று அவள் அழுதாள். சந்தே பார்த்துக்கொண்டு நின்றது.

உங்கய்யன் செம்பியைக் கூடையில் வைத்து சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போனார், நானும் போனேன். மாட்டு டாக்டர் என்ன தின்றது என்று கேட்க, உங்கய்யன் பாஷாணம் என்றார், நான் வாயைத் திறக்கவில்லை. நொண்டினதுக்கு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று அவர் மறுபடி கேட்டபோதுதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. மனுஷ உடம்பு அந்த மருந்தைக் கழித்துவிடும், பூனை உடம்புக்கு அந்தச் சக்தி கிடையாதம்மா, முதல் மாத்திரை போவதற்குள் அடுத்ததும் சேர்ந்து விஷமாகி வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது, நமக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரை எதையும் பூனைக்குக் கொடுக்கவே கூடாது என்றார். அவரால் ஆனதைச் செய்தார். திரும்பும்போது மகுடஞ்சாவடி தாண்டினதும் கூடைக்குள் அசைவு நின்றுவிட்டது. உங்கய்யன் துண்டை எடுத்துக் கூடையை மூடினார்.

பொன்னாயி வீட்டுக்குப் புறக்கடை வழியாகப் போய் மன்னிச்சுக்கோ என்றேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. சந்தில நின்னு பேசினீங்க, சந்திலயே வந்து சொல்லுங்கக்கா என்றாள். நியாயம்தான், ஆனால் எனக்குத் தைரியம் வரவில்லை. நான் தள்ளிப்போட்ட நாளெல்லாம் சந்துக் கிணற்றடியில் அவளை விஷம் வைத்தவள் என்று பேசினார்கள், கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். முந்தாநாள்தான், அங்கேயே எல்லோரும் தண்ணீர் இறைக்கிற நேரத்தில், செம்பியைக் கொன்றது என் மாத்திரை, பொன்னாயி மேல் போட்டது வீண்பழி, பிள்ளை இல்லாததைச் சொல்லித் திட்டினது அதைவிடப் பாவம் என்று சொன்னேன். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி ஒரு பூனைக்கா இத்தனை என்றாள். பொன்னாயி குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னும் நம் வாசலை மிதிக்கவில்லை.

என் மேல் கோபப்படு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மாப்பிள்ளையின் தலைவலி மாத்திரையைக் குழந்தைக்கு எட்டாமல் வை, அங்கே பூனை நாய் வளர்த்தால் அதுகளுக்கும் எட்டாமல் வை. மாசி மாதத்து வெயில் ஏமாற்றும், குழந்தைக்கு அடிக்கடி தண்ணீர் கொடு. நீங்கள் மூன்று பேரும் நூறு வயசுக்கு நல்லாயிருக்கோணும். மறக்காமல் பொன்னாயிக்குத் தனியாக ஒரு கார்டு போடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, உங்கய்யனைப் படிக்கச் சொல்லவாவது நம் வீட்டுக்கு வருவாள். அதில் என்னைப் பற்றி நீ என்ன எழுதியிருந்தாலும் நான் உள்ளே நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்க வெட்கப்படும் அம்மா
நல்லம்மாள்