வெல்வெட் பந்து நிற்கிறது, வெறும் பந்து ஓடுகிறது

அனுப்புநர்:
தையல்காரர்,
மூன்றாம் தளம், படிக்கட்டை ஒட்டிய வீடு,
அரசு வாடகைக் குடியிருப்பு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: வீட்டுத் தரையில் பந்து தானாக உருளுதல் – கட்டடம் சாய்கிறதா இல்லையா எனத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். எது சரி என்று எனக்கே தெரியாமல்தான் எழுதுகிறேன்.

1. எங்கள் வீட்டில் முன்பு சொரசொரப்பான சிமெண்ட் தரை இருந்தது. அதில் என் மகளின் பிளாஸ்டிக் பந்து வைத்த இடத்திலேயே கிடக்கும். சென்ற மாதம் தங்கள் அலுவலகத்தார் வழவழப்பான டைல்ஸ் பதித்துத் தந்தார்கள். சந்தோஷப்பட்டோம். அன்று மாலையே பந்து யாரும் தொடாமல் புறப்பட்டு, ஜன்னல் சுவரில் போய் முட்டி நின்றது. எங்கே வைத்தாலும் அங்கேயே போகிறது.

2. புகாரின் பேரில் தங்கள் உதவிப் பொறியாளர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். தம் பையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துத் தரையில் வைத்தார். அது அசையவில்லை. "பாருங்க, நிக்குதா? அப்புறம் என்ன பயம்? டைல்ஸ் வழுக்குது, அவ்ளோதான். ஒரு பாய விரிச்சுப் போடுங்க" என்றார். விரித்தோம். எங்கள் பந்தும் நின்றது. புகார் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன், அப்போது எனக்கும் சரியென்றே பட்டது.

3. அவர் போன பிறகுதான் தலை சுற்றியது. பாய் பந்தை நிறுத்தியது, கட்டடத்தையும் நிறுத்துமா? எனக்குத் தெரிந்தது துணி ஒன்றுதான். பாயைச் சுருட்டிவிட்டு, பந்துக்கு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டேன். வெறும் டைல்ஸிலேயே நின்றது. சாட்டின் உறை போட்டேன். தயங்கித் தயங்கி உருண்டது. உறையைக் கழற்றினால் ஓடுகிறது. தரை ஒன்று, பந்து ஒன்று, பதில் மட்டும் துணிக்குத் துணி மாறுகிறது. டென்னிஸ் பந்தின் மேலும் ரோமம்தானே ஐயா இருக்கிறது?

4. கட்டடம் இப்போதுதான் சாய்கிறதா, ஆரம்பத்திலிருந்தே சாய்ந்திருந்ததைப் பழைய தரையின் சொரசொரப்பு மறைத்து வந்ததா, அல்லது டைல்ஸ் பதித்தவர் மட்டம் பார்க்கவில்லையா? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் என்றால் என்னைப் போல் மகிழ்பவர் யாருமில்லை. என் மச்சானோ, "உனக்கு வேற வேலை இல்லையா? பந்துன்னா உருளத்தான் செய்யும்" என்கிறார். அவர் குடியிருப்பது தரைத்தளத்தில்.

5. என் மனைவிக்கு இது எட்டாவது மாதம். படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வீண் பயத்தில் அவளைக் கீழே இறக்கி வேறு வீடு தேடுவதா? பேசாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? அவளிடம் "ஒண்ணுமில்ல, டைல்ஸ் வழுக்குது" என்றே சொல்லி வருகிறேன். அவளும் தலையாட்டுகிறாள். நேற்று, பிரசவத்துக்காக அவள் கட்டி வைத்திருக்கும் பையில் ஒரு துண்டை வைக்கலாம் என்று திறந்தேன். குழந்தைத் துணிகளுக்கு அடியில் எங்கள் எல்லோருடைய மாற்றுத் துணியும், அலமாரியில் இருந்த கல்யாண போட்டோவும் இருந்தன. பிரசவத்துக்கு யாரும் கல்யாண போட்டோ எடுத்துப் போவதில்லை ஐயா.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து, பந்தை விட்டுவிட்டு, சுவரையும் தூணையும் கருவி வைத்துப் பார்த்து, இங்கே இருக்கலாமா, இறங்கிவிட வேண்டுமா என்பதை என் மனைவியிடம் ஒரே வார்த்தையில் சொல்லும்படி பணிவுடன் வேண்டுகிறேன். நான் சொன்னால் அவள் இனி நம்ப மாட்டாள்.

இடம்: மேற்படி வீடு
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக வீட்டிலேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையல்காரர்