சோளக்காட்டில் தெரிந்த வளையங்கள்

3-9-2003, புதன்

தண்ணி லாரி இன்றும் வரவில்லை. போர்க்குழாயில் ஐந்து நிமிஷம் தண்ணீர், பிறகு வெறும் காற்று. ஆடியில் பெய்த ஒரே மழையை நம்பி மேற்குக் காட்டில் மாட்டுக்காக விதைத்த சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நிற்கிறது. மாடுகளை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்காரர் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அவர் போய் நாலு வருஷமாகிறது, இனி என் முடிவுதான்.

மகன் திருமூர்த்தி போன் செய்தான். ஐப்பசியில் மேற்குக் காட்டில் பனியன் கம்பெனிக்குப் பூமி பூஜை. வேலம்பாளையத்தில் வாடகைக் கட்டடத்தில் இருபது மிஷினை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவான்? மகனுக்குச் சொந்தமாக ஒரு கம்பெனி. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் எனக்கு.

5-9-2003, வெள்ளி

சோளம் ஒரு தினுசாகக் காய்கிறது, மாடியில் ஏறிப் பாருங்கள் என்றான் காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி வேலைக்கு ஆகாமல் போனபோது காட்டில் கூரைச் சாளையில் குடிவைத்தது நான்தான். அவன் மாடு பார்க்கிறான். பெண்டாட்டி முத்துப்பேச்சி கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள்.

ஏறிப் பார்த்தேன். வெளிறிய காட்டில் மூன்று இடத்தில் சோளம் வட்டமாகக் கருகியிருக்கிறது, கவராயம் வைத்து வரைந்த மாதிரி. ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் கட்டில் அகலத்துக்கு மட்டும் கரும்பச்சை. இறங்கிப் பக்கத்தில் போய் நின்றால் ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷமாக நடக்கிற காடு இது.

7-9-2003, ஞாயிறு

பொங்கியண்ணன் வாத்தியார் வந்தார். என் வீட்டுக்காரரோடு படித்தவர், அவிநாசியில் வரலாறு நடத்துகிறார். காசிமாயன் டீக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

மாடியில் நின்று வெகுநேரம் பார்த்தார். அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்து, சுற்றிலும் பெரிய கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்களாம். காலப்போக்கில் மண் மூடிவிட்டது. கல்லுக்கு மேல் மண் கம்மி, ஈரம் நிற்காது, அங்கே பயிர் முதலில் கருகும். நடுவில் குழி, மண் ஆழம், ஈரம் தங்கும், அங்கே பச்சை. மழை பெய்கிற வருஷத்தில் எல்லாம் ஒன்றுபோல வளர்ந்துவிடும். இப்படிக் காய்ந்தால்தான் வெளியே தெரியுமாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார்.

அடுத்த ஞாயிறு கோயமுத்தூரிலிருந்து தெரிந்தவர்களைக் கூட்டி வருவதாகவும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். அவர்கள் வந்துவிட்டால் கம்பெனி கட்ட முடியுமா என்றேன். மனுஷன் பொய் சொல்லவில்லை. சந்தேகம்தான் என்றார்.

ஒரு வாரம் ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

8-9-2003, திங்கள்

திருமூர்த்தியிடம் சொன்னேன். "அவிய வர்றதுக்குள்ள காட்டைச் சமம் பண்ணிரலாமுங்கம்மா" என்றான். சரி என்றேன்.

9-9-2003, செவ்வாய்

மாடுகளைக் காங்கேயத்துக்காரர் ஏற்றிப் போனார். வண்டியில் ஏற மறுத்தன. காசிமாயன்தான் கழுத்தைத் தடவிக்கொடுத்து ஏற்றிவிட்டான்.

11-9-2003, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் முடியுமா, தெரியவில்லை.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குப் பொக்லைன் வந்தது. முதல் இரண்டு வட்டம் மத்தியானத்துக்குள் முடிந்தது. ஆளுயரக் கல்லெல்லாம் வந்தது. குழிக்குள் பானைகள் – உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு – பெரியது சிறியது பார்த்து யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள். துருப்பிடித்த கத்தி ஒன்று. கொஞ்சம் எலும்பு, எடுத்தாலே பொடியானது. எல்லாவற்றையும் டிராக்டரில் வாரி, கல் வெட்டி எடுத்த பாறைக்குழியில் கொட்டச் சொன்னான் திருமூர்த்தி.

மூன்றாவதில் மேலே கிடந்த மூடுகல் அசையவில்லை. அடியில் சங்கிலி கோக்க வேண்டும், அதற்கு ஒரு ஆள் குழிக்குள் இறங்க வேண்டும். பொக்லைன் ஓட்டுகிறவர் மாட்டேன் என்றுவிட்டார். திருமூர்த்தி என் முகத்தைப் பார்த்தான். நான் காசிமாயனைக் கூப்பிட்டேன்.

ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தான். "அம்மா, சைடுக் கல்லு நிக்கலம்மா. மண்ணு உதிருது. நாளைக்கு ரெண்டு ஆளு வெச்சு முட்டுக் குடுத்துட்டு எறங்குறேன்."

நாளைக்கு என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். அந்த டீக்கடைக் கோபமும் எனக்குள் இருந்தது. "டீக்கடையில பேசத் தெரியுதல்ல? முடியாதுன்னா இன்னைக்கே சாளையைக் காலி பண்ணிப்போடு" என்றேன்.

அவன் துண்டை மடித்துக் கீழே வைத்துவிட்டு இறங்கினான்.

சங்கிலி கோத்துவிட்டான். மேலே ஏறுவதற்குள் வண்டி இழுத்துவிட்டது. பக்கத்துக் கல் சரிந்தது. கத்தக்கூட இல்லை அவன்.

காரில் ஏற்றும்போது உயிர் இருந்தது. தண்ணி கேட்டான். காரில் தண்ணி இல்லை. அவிநாசி எல்லை தாண்டும்போது கேட்பதை நிறுத்திவிட்டான்.

நாந்தான் எறங்கச் சொன்னேன். வேற ஆரும் சொல்லல. அவன் நாளைக்குன்னுதானே சொன்னான் – ஒரு நாள். ஒரு நாள் பொறுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?

12-9-2003, வெள்ளி

வறண்ட கிணற்றில் தூர் வாரும்போது மேலிருந்து கல் உருண்டு விழுந்தது. நாங்கள் எல்லோரும் இதையே சொன்னோம். பொக்லைன் அன்றைக்கே போய்விட்டது. போலீஸ்காரர்கள் கிணற்றை மேலே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

முத்துப்பேச்சிக்கு அன்று பகல் ஷிப்ட். ஆஸ்பத்திரிக்கு நேராகக் கம்பெனியிலிருந்து வந்தாள், கையில் நூல் வெட்டுகிற கத்தரியோடு. என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அவருக்கு நாலு படி எறங்குனாலே மூச்சு வாங்குமேம்மா. எதுக்கு எறங்குனாரு?"

"வேண்டாம்னுதான் நானும் சொன்னேன். கேக்கலயே" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வாயில் வந்தது. அவள் அதை நம்பினாள். சொன்ன பேச்சைக் கேட்காத மனுஷன் என்று, செத்தவனைத் திட்டித் திட்டி அழுதாள்.

14-9-2003, ஞாயிறு

வாத்தியார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காடு உழுது கிடந்தது. "ஒரு வாரம்னு சொன்னீங்களேங்கக்கா" என்றார். டிராக்டர்காரன் தெரியாமல் ஓட்டிவிட்டான் என்றேன். கூட வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் காட்டைச் சுற்றி நடந்தார், பானை ஓட்டுச் சில் ஒன்றைப் பொறுக்கிப் பையில் போட்டார். அப்புறம் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "படியில புழுதி கலையவே இல்லீங்களேக்கா" என்றார்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "கம்பெனி கட்டறது சந்தேகம்னு சொல்லி நாந்தான் பயமுறுத்திப்போட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

17-9-2003, புதன்

வாத்தியார் முத்துப்பேச்சியிடம் பேசிவிடுவார் என்று பயப்படுகிறான் திருமூர்த்தி. அவளைக் கூப்பிட்டு, பொம்பளை தனியாகக் காட்டில் இருப்பது நல்லதில்லை, வேலம்பாளையத்தில் லைன் வீடு பார்த்துவைத்திருக்கிறோம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை அக்கறை யாருக்கு வரும் என்றாள். ஒரு பெட்டியோடு டெம்போவில் ஏறிப் போனாள்.

சாளையை நாளைக்கே பிரித்துவிடலாம் என்கிறான் திருமூர்த்தி.

6-1-2004, செவ்வாய்

திருமூர்த்தி வேலம்பாளையத்திலேயே கட்டடம் வாங்கிவிட்டான். இவ்வளவு தூரம் ஆட்கள் வேலைக்கு வர மாட்டார்களாம், கூட்டாளி ஒத்துக்கொள்ளவில்லையாம். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், இன்றைக்கு மழை வராது என்று சொல்வதுபோல. மேற்குக் காடு அப்படியே கிடக்கட்டும் என்றான்.

நான் இன்னொரு தோசை போட்டேன்.

30-8-2004, திங்கள்

ஆவணிப் பௌர்ணமி. முத்துப்பேச்சி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். தேங்காய், சூடம், புது வேட்டி, ஒரு கட்டுப் பீடி. திதிப்படி வருஷம் திரும்புகிறது, அவர் விழுந்த இடத்தைக் காட்டுங்கள், ஒரு விளக்கு வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

கிணற்றுக்குக் கூட்டிப் போனேன். வழி மேற்குக் காட்டுக்குக் குறுக்கேதான். மூன்றாவது குழி மூடிய இடத்தை அவள் மிதித்துக்கொண்டு நடந்தாள். நான் சுற்றிக்கொண்டு போனேன்.

கிணற்று மேட்டில் வேட்டியை விரித்து, பீடிக் கட்டைப் பிரித்து வைத்தாள். காற்றுக்கு விளக்கு நிற்கவில்லை. நான் உட்கார்ந்து முந்தானையால் மறைத்துக்கொண்டேன். உள்ளே பார்த்துக் கும்பிட்டாள், ரொம்ப நேரம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க வேணாம்னு சொல்லியும் கேக்காமப் போனாரு. உங்க மேல ஒரு குத்தமும் இல்லம்மா. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

வருஷா வருஷம் இந்த இடத்துக்கே வந்து விளக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

வா என்றேன்.