போதும் என்ற வாய்

மகனே,

உன் மனைவி என் வீட்டில் நலமாக இருக்கிறாள். உன் நலத்தை நான் விசாரிக்கவில்லை.

அவளை நீ பூசணி என்று கூப்பிட்டதும், கடைவீதியில் பத்தடி முன்னால் விலகி நடந்ததும் எனக்கு மறக்கவில்லை. அதற்காகத்தானே அவள் வயிற்றை அறுத்துச் சுருக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு நீ வந்தது கையெழுத்துப் போட மட்டும்.

குழந்தையில் நீ சாப்பிட்ட குட்டிக் கிண்ணத்தில்தான் இப்போது அவள் சாப்பிடுகிறாள். முதலில் முட்டை, பிறகுதான் மற்றது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், அவசரப்பட்டால் வாந்திதான். வயிறு போதும் என்றதும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மனசு கேட்காமல் நான், "இன்னும் ஒரே ஒரு வாய்ம்மா" என்று கெஞ்சுவேன்.

"போதும் மாமா. இந்த வயித்துக்கு இப்பதான் பேச்சு வந்திருக்கு, காது குடுத்துக் கேப்போம்" என்று சிரிப்பாள்.

நேற்று அவள் படத்தை எங்கேயோ பார்த்துவிட்டு, "இப்பதான் பொம்பள மாதிரி இருக்க, கெளம்பி வா" என்று போனில் சொன்னாய். அதையும் அவள் வெகுநேரம் மென்றாள். பிறகு, "போதும்" என்று போனை வைத்தாள்.

இந்த முறை நான் கெஞ்சவில்லை.

எனக்கு எழுதத் தெரியாது. இது யார் கையெழுத்து என்று உனக்கே தெரியும்.

சொன்னவன் உன் அப்பன், கைநாட்டு கீழே.