கட்டி கரையுமா என்று நீ கேட்ட நாள்

அம்மா,

நேற்று கோலா சிலாங்கூர் பாசாரில் கருவாட்டு நெடி மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். "நல்ல சரக்கு, நம்பி எடுங்க" என்றார் கடைக்கார அண்ணன். நம்பி எடுக்கச் சொன்னாலே நீ ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்ப்பாய். அவர் முகம் சுளித்தால் இன்னொரு துண்டையும் முகர்வாய். நானும் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஒன்றும் வாங்காமலே புக்கிட் ரோத்தான் வீட்டுக்கு வண்டியைத் திருப்பிவிட்டேன்.

நீ யாரையும் லேசில் நம்பியவளில்லை. தோட்டத்துக் கோவிலில் சாமியாடிக்கு அருள் வந்து, ஊரே கைகட்டி நின்றபோது, "போன வாரம் காணாமப்போன என் கோழி எங்கன்னு சொல்லு, மத்தது அப்புறம் பேசலாம்" என்று கேட்டவள் நீ. அப்படிப்பட்ட உன்னிடம்தான், ரவாங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் வந்து, "நான் ஞானஸ்நானம் வாங்கிட்டேம்மா" என்றேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்திருந்தேன். "சாமின்னா சிம் கார்டு இல்ல லா, நெனச்சா மாத்துறதுக்கு" என்று மட்டும் சொன்னாய். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாய். அது லேசில் ஓயவில்லை.

நான் சபைக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அதனால் முதல் கேள்வியே அவரைப் பற்றித்தான்.

"உங்கப்பா ஏசுவக் கும்பிடல. இப்ப அவரு எங்க இருக்காரு?"

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாய். சபையில் இதற்குப் பலர் பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் அடுத்த வீட்டு அப்பாக்களுக்குப் பொருந்தும். நம் அப்பாவுக்குப் பொருந்தவில்லை.

"ஏசு வழியாத்தான் மீட்புன்னு நம்புறேம்மா. ஆனா அப்பாவுக்குத் தீர்ப்புச் சொல்ற எடத்துல நான் இல்ல. எனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் போய்ச் சேந்தியா?"

"ஏசு யாருக்கும் அநியாயம் பண்ண மாட்டாருன்னு தெரியும். மிச்சம் தெரியாது."

"சரி, தெரியாதுன்னாவது ஒத்துக்கிறியே" என்று கீரைத்தண்டை ஓரமாகப் போட்டாய். என்னை நீ பாராட்டியதெல்லாம் இந்த அளவில்தான்.

அந்த வருடமும் அப்பாவின் நினைவுநாளுக்குப் படையல் போட்டாய். ஆட்டுக்கறி, முட்டை, அவர் குடிக்கிற ஸ்டவுட் பீர் ஒரு பாட்டில். செத்தவர் வந்து சாப்பிடுவார் என்று நீ நம்பவில்லை, ஆனாலும் போட்டாய். படைத்ததை நான் சாப்பிட மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். படைப்பதற்கு முன்னால் யாரும் சட்டியில் கைவைக்கக் கூடாது என்பது நம் வீட்டுக் கட்டு, ருசிகூடப் பார்க்க மாட்டோம். அன்று நீயே முதல் கரண்டியை எனக்கு எடுத்து, தட்டால் மூடி வைத்தாய். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து வந்திருந்த அத்தை பார்த்துவிட்டு, "எங்கண்ணனுக்கு மிச்சத்தையா படைக்கிறீங்க அண்ணி?" என்று குதித்தார்.

"அவருக்கு இனிமே பசிக்காது. இவ வேல முடிஞ்சி வந்துருக்கா."

அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கறியில் உப்பு கம்மி.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார் டாக்டர். சபையிலிருந்து ஓர் அக்கா உன்னைப் பார்க்க வந்தார். நல்ல மனசுக்காரர், கஞ்சி வைத்து எடுத்து வந்திருந்தார். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏசுவ ஏத்துக்குங்கம்மா, கட்டி கரைஞ்சிரும்" என்றார்.

நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

"நெசமாடி? கரையுமா?"

அப்படி ஒரு முகத்தை உன்னிடம் நான் பார்த்ததே இல்லை. சாமியாடியை மடக்கியவள், என் வாயிலிருந்து ஒரு "ஆமா" வருமா என்று காத்திருந்தாய். நான் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பாய். எத்தனை வருடம் நான் ஜெபத்தில் அழுது கேட்ட தலையாட்டல் அது!

"ஜெபம் பண்ணுவோம்மா. கரையலாம். கரையாமலும் போகலாம். கண்டிப்பா கரையும்னு யாரும் ஒனக்கு வாக்குக் குடுக்க முடியாது. நம்புனவங்களும் நோய் வந்து சாகுறாங்கதான்."

நீ கையை மெல்ல உருவிக்கொண்டாய். "அப்ப இப்ப வேணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

வாசலில் அந்த அக்கா அழுதேவிட்டார். "கைக்கு வந்த ஆத்துமாவத் தட்டி விட்டுட்டியேம்மா. ஏத்துக்கிட்ட பெறகு மெதுவாச் சொல்லிருக்கலாமே" என்றார். ஆசை காட்டி உன்னைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்னது சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் சரியே உனக்குக் கதவைச் சாத்திவிட்டதோ என்று நினைத்தால் எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. வேலையிடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெறுமனே நிற்கிறேன்.

அதன் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கப் பயந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நீயாகவே கூப்பிட்டாய்.

"ஒன் சாமிகிட்டக் கேளு. கட்டியப் பத்திப் பேசாத. வலி கொறையணும்னு மட்டும் கேளு."

கேட்டேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவை மட்டும் கேட்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது உன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாய். வலி குறைந்ததா என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டாய். பிறகு எழுந்திருக்கவில்லை.

தம்பி உனக்குக் கொள்ளி வைத்தான். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சபையில் சொன்னபோது, அந்த அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஆமென்னுதான் சொல்லிருக்காங்க, நீ கவலப்படாத. சபை முன்னால நின்னு சாட்சியா சொல்லும்மா" என்றார். "தண்ணின்னும் கேட்டிருக்கலாம்க்கா, எனக்குத் தெரியல" என்றேன். அவருக்கு என்மேல் வருத்தம்தான்.

யாரும் இல்லாத நேரத்தில் நான் கண்ணாடி முன்னால் நின்று, சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கிறேன் அம்மா. ஆமென் என்றால் உதடு ஒருமுறை ஒட்டிப் பிரிகிறது. தண்ணி என்றால் ஒட்டுவதே இல்லை. உன் உதடு ஒட்டியதா? அவ்வளவு பக்கத்தில் இருந்தேன், என்னால் சொல்ல முடியவில்லை. ஒட்டியது என்று சொல்லிக்கொள்ளத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பார்த்தது போல் சொல்ல வாய் வரவில்லை.