பிஸ்கட் தின்ற வெள்ளிக்கிழமை

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜெமிமா அப்பாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் எழுதுகிறேன். நலம் விசாரிக்க மனசு வரவில்லை. இந்த ஒற்றை அறையில் மகள் காதில் விழாமல் போனில் ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால் லீவு முடிந்து இன்று துபாய் திரும்பும் உங்கள் ரூம் பூலோகம் அண்ணன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கரண்ட் பில் கட்டியாச்சு. சர்வேக்காரர்கள் வந்து வீட்டை அளந்துவிட்டுப் போனார்கள். அதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

வெள்ளிக்கிழமை நம் மகள் மாடி இரும்பு ஏணியில் இறங்கும்போது மயங்கி விழுந்தாள். நெற்றியில் தையல். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, பிள்ளைக்குச் சோறு போடுகிறாயா இல்லையா என்று ஹிந்தியில் என்னை ஏசினார். பக்கத்து வீட்டு ஹபீபா அக்கா, நோன்பு மாசத்தில்கூட நாங்கள் விடியுமுன் பிள்ளைகளை எழுப்பிச் சாப்பிட வைப்போமே, நீ தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருக்கிறாயே என்றார்.

எல்லாம் உங்களால் வந்தது. போன லீவில் உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்கிறேன் என்று எழுந்தீர்கள். என் மகள் வெள்ளிதோறும் பசியோடு ஜெபித்தாள், கர்த்தர் என் குடியை எடுத்துப்போட்டார் என்று மைக்கைப் பிடித்து அழுதீர்கள். சபையே அல்லேலூயா போட்டது. பாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். பதிமூன்று வயசுப் பிள்ளை. உங்கள் குடியை அவள் தலையில் கட்டிவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள்.

பார்சல் கொடுக்க வந்த பூலோகம் அண்ணன், மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டான் தங்கச்சி, ரூமில் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். ஜெமிமா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூலில் யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோய்ப் பிஸ்கட் தின்றுவிட்டாளாம். அதனால்தான் அப்பா குடித்தாராம்! அண்ணன் சொன்ன அன்றிலிருந்து வெள்ளியோடு புதனும் சேர்ந்தது, தண்ணீரும் நின்றது. இப்போது தையல் போட்ட பிறகும், அப்பா விடும்வரை கஞ்சித் தண்ணீர் போதும், சோறு வேண்டாம் என்கிறாள்.

நான் உபவாசத்துக்கு விரோதி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்காக வயிற்றைக் காயப்போட்டு முழங்காலில் நின்றவள்தான். அப்போதெல்லாம் என் மனசுதான் அடங்கியது, உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினேனா? ஆனால் பசியைக் காட்டி ஆண்டவரிடம் பேரம் பேச எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, பிள்ளையின் விசுவாசத்தைக் கெடுக்காதே சகோதரி என்றார். நல்லா இருக்கட்டும்.

நான் சொல்லி அவள் கேட்கவில்லை. இதைப் படித்த உடனே நீங்கள் போன் போடுங்கள். திருந்திவிட்டேன் என்று இன்னொரு பொய் வேண்டாம். குடித்தது என் தப்பு, நீ பிஸ்கட் தின்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சாப்பிடு மகளே என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அத்தனை பேர் முன்னால் மைக்கில் பேசத் தெரிந்தவருக்கு, பெற்ற மகளிடம் பேச என்ன வெட்கம்?

கர்த்தர் உங்களைக் காப்பாராக. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் சோற்றில் கை வைக்கும்வரை எனக்கும் ஒரு வாய் இறங்காது. இதை உபவாசம் என்று சபையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
எப்சிபா