காற்றுத் திருகு

மெத்வென், நியூசிலாந்து
12 அக்டோபர் 1986

அன்புள்ள கெல்வின்,

இங்கே நானும் நாயும் மிச்சமிருக்கும் ஆடுகளும் நலம். உன் நலம் நீ எழுதினால்தான் தெரியும். மே மாதம் சுரங்க வேலைக்கென்று போனவன் இதுவரை மூன்று தபால் அட்டை அனுப்பியிருக்கிறாய். மூன்றிலும் "வெயில் அதிகம்" என்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வெயில் அதிகம் என்பது எனக்கும் தெரியும்.

ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். கான்ஸ்டபிள் டோய்லுக்கு நீ ஒரு கடிதம் போட வேண்டும். நான் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். அவர் விசாரிக்க வந்தார். நம் சமையலறையில் உட்கார்ந்து டீயும் பாதிக் கேக்கும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "வழக்கமா வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும் நோலின். உன் கையில துப்பாக்கி இருந்தா அவருக்குப் பயமில்லையான்னு" என்றார். "அவர் கடல் தாண்டி இருக்காரு, பயந்தாலும் என்ன ஆகப்போகுது?" என்றேன். சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்பாய். வடமேற்குக் காற்று நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் நான் எப்படி ஆகிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அலமாரியைக் கவிழ்த்து அடுக்கினேன், மறுநாள் மறுபடி கவிழ்த்தேன். ஜன்னல் ஜன்னலாகப் போய் நின்றேன். கொட்டகையில் உன் துப்பாக்கி கிளப்பின் காற்றுக்கொடிகள் கிடந்தன. சனிக்கிழமை அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று சுடும் மைதானத்துக்குப் போனேன். கிளப் கேப்டன் அலெக் டன்பார் விடவில்லை. "இலக்குக் குழியில ஆள் கொறையுது. வந்ததுதான் வந்தே, எறங்கு" என்றார்.

இருபத்தோரு வருஷம் உன்னோடு மைதானத்துக்கு வந்து காரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியவள் நான். இலக்குப் பலகைகளுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் முதல் தடவையாக இறங்கினேன். தலைக்கு மேல் குண்டு போகும்போது சாட்டை சொடுக்குகிற சத்தம் கேட்கிறது. பலகையைக் கீழே இழுக்க வேண்டும், பழைய ஓட்டையை ஒட்ட வேண்டும், குண்டு பட்ட இடம் சுட்டவருக்குத் தெரிய அங்கே வட்டத் தகட்டைச் செருகி மேலே தள்ள வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருந்தால் மனம் ஓடுவதில்லை. குழியில் உழைத்தவர் கடைசியில் சுட வேண்டும் என்று ஒரு வழக்கமாமே, நீ சொன்னதே இல்லை. கிளப் துப்பாக்கியைக் கொடுத்து என்னைப் பாயில் படுக்க வைத்தார்கள். முந்நூறு கெஜம். என் வாழ்க்கையின் முதல் குண்டு சரியாக நடு வட்டத்தில் பட்டது. பக்கத்து ஆளுடைய பலகையின் நடு வட்டத்தில். எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். கான்ஸ்டபிளுக்கு எழுது. எனக்கும் எழுது.

உன்
நோலின்


கால்கூர்லி, மேற்கு ஆஸ்திரேலியா
2 நவம்பர் 1986

அன்பு நோலினுக்கு,

கான்ஸ்டபிளுக்கு எழுதிவிட்டேன். என் மனைவி நிதானமானவள், அவள் சுட விரும்பக்கூடிய ஒரே ஆள் இப்போது எந்தத் துப்பாக்கிக்கும் எட்டாத தூரத்தில் இருக்கிறான் என்று.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் வலித்தது. நான் கிளம்பிப் போன பிறகுதான் நீ காரை விட்டு இறங்கியிருக்கிறாய். "வா, நீயும் ஒரு தடவை சுட்டுப் பாரு" என்று நான் கூப்பிட்டதே இல்லையா? யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, படுத்துவிட்டாய், இனிக் கேட்டுக்கொள். துப்பாக்கியின் தோள்வாரை மேல்கையில் உயரக் கட்டு. ரொம்ப இறுக்கினால் நாடித் துடிப்பே குறியை ஆட்டும். எல்லாக் கொடியையும் பார்க்காதே, பைத்தியம் பிடிக்கும். தொலைநோக்கியில் தரைமேல் ஆடும் கானலைப் பார். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ குண்டையும் காற்று அந்தப் பக்கம்தான் தள்ளும். அதற்குத் தகுந்தபடி பின்குறியின் பக்கத்தில் இருக்கிற காற்றுத் திருகைத் திருப்பிக் குறியை எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். நான் ஒரு போட்டியில் தோற்றால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவேனே, அது இந்தத் திருகைத்தான். என் துப்பாக்கியை எடுத்துக்கொள். ஆனால் தோளில் வைக்கிற அதன் மரக்கட்டையில் கை வைக்காதே. அது என் கை நீளத்துக்குச் செய்தது.

இங்கே பக்கத்து அறைக்காரன் ஷிஃப்ட் முடிந்து வந்து ஹார்மோனிகா வாசிக்கிறான். அவனுக்கு ஒரே பாட்டுத்தான் தெரியும். மார்ச்சிலிருந்து குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் கம்பெனி வீடு தருகிறது. ஜன்னலில் ஏர்கூலர், பின்னால் ஒரு எலுமிச்சை மரம். மார்ச் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் இனி ஆடு வளர்த்துப் பிழைக்க முடியாது, நோலின். யோசித்து வை. யோசிக்க என்ன இருக்கிறது, வந்துவிடு.

அன்புடன்
கெல்வின்


மெத்வென்
14 டிசம்பர் 1986

அன்புள்ள கெல்வின்,

நீ கோபப்படப் போகிறாய், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கட்டையை அறுத்துவிட்டேன்.

உன் கை நீளம் எனக்கு இல்லை. கன்னத்தைக் கட்டையில் வைத்தால் கண் குறித்துளைக்கு எட்டவில்லை, கண்ணை எட்டவைத்தால் தோள்பட்டை பிய்ந்து போனது. கழுத்தெலும்பு ஊதா நிறத்துக்கு வந்த பிறகு கொட்டகைக்குப் போய் உன் ரம்பத்தை எடுத்து ஒரு அங்குலம் அறுத்தேன். கோபத்தை நேரில் வந்து காட்டு.

இப்போது ஆயிரம் கெஜத்தில் சுடுகிறேன். வெறுங்கண்ணுக்குப் பலகை தபால்தலை அளவுதான் தெரிகிறது. போன வாரம் பத்துக் குண்டில் ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. இத்தனை வருஷமாகச் சுடும் ஸ்டான் பிக்கெட்டுக்கு நாற்பத்திரண்டு. அன்றிலிருந்து கடையில் என்னைப் பார்த்தால் அவர் உருளைக்கிழங்கு பக்கம் திரும்பிக்கொள்கிறார். துணி உலர்த்தப் போனாலும் காற்றைப் பார்க்கிறேன். புகைபோக்கி, பாப்ளார் இலை, ஆட்டின் முதுகு ரோமம், எதைப் பார்த்தாலும் காற்றுத்தான். எதிலும் தரிக்காத மனம் பாயில் படுத்தால் நிற்கிறது. எழுந்தால் மறுபடி அலைகிறது. இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

செய்தி இதுதான். பிப்ரவரி கடைசியில் ஆற்றுக்கு அக்கரைக் கிளப்போடு நடக்கும் கிண்ணப் போட்டி அணியில் அலெக் என்னைச் சேர்த்திருக்கிறார். நான்கு பேர் சுட வேண்டும், பின்னால் உட்கார்ந்து காற்றைக் கணிக்க ஒரு கோச் வேண்டும். நீ போன பிறகு அந்த இடம் காலி. "அவன மாதிரி காத்தப் படிக்கிறவன் இங்க யாரும் இல்ல" என்கிறார் அலெக். நானும் கேட்கிறேன். வா.

வீட்டைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை. எலுமிச்சை மரம் நல்லதுதான். ஆனால் மே மாதம் நீ ஊரை விட்டுப் போவதாக என்னிடம் சொன்னது ஒரு புதன்கிழமை. விமான டிக்கெட் வாங்கியது அதற்கு ஒரு மாதம் முன்னால். இதை எழுதக்கூடாது என்றிருந்தேன், எழுதிவிட்டேன்.

உன்
நோலின்


கால்கூர்லி
11 ஜனவரி 1987

நோலின்,

கட்டையைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. அறுத்தது அறுத்ததுதான். வழவழப்பாக இழைத்தாயா, அதையாவது சொல்.

விடுமுறை கிடைத்துவிட்டது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் வருகிறேன். அணியில் சுடுவது தனியாகச் சுடுவது போல இல்லை. நீ பலகையின் கறுப்பு வட்டத்தைப் பார், விசையை அழுத்து, அவ்வளவுதான். காற்று என் பொறுப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்து திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். உன்னிடம் சொல்லமாட்டேன். சொன்னால் சுடுபவரின் மனம் கலையும். என்னிடம் சுட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் சுட்டார்கள். குண்டு விலகினால் ஒரு வழக்கம் உண்டு. காற்றைத் தப்பாகக் கணித்திருந்தால் கோச் "என்னுது" என்பான். கை ஆடியிருந்தால் சுட்டவன் "என்னுது" என்பான். அதற்கு மேல் பேச்சில்லை.

டிக்கெட் விஷயம். முன்பே சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் போயிருக்கமாட்டேன். வீட்டுக்கான தாள்களைக் கொண்டு வருகிறேன். போட்டி முடிந்ததும் பேசி முடித்துவிடலாம்.

கெல்வின்


மெத்வென்
8 மார்ச் 1987

அன்புள்ள கெல்வின்,

உன்னை வழியனுப்ப வந்தபோது விமான நிலையத்தில் நாம் பேசியதெல்லாம் உன் பெட்டியின் எடையைப் பற்றித்தான். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

அந்த ஏழாவது குண்டு. நம் ஆட்கள் மூன்று பேரும் நன்றாகச் சுட்டு முடித்திருந்தார்கள். நான்தான் கடைசி. ஆறு குண்டில் ஒன்றுகூட நாலுக்குக் கீழே இல்லை. நீ பக்கத்தில் இருந்தாய். உன் சட்டையின் வாசனை வந்தது. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குள் ஒன்றும் ஓடாமல் முழுசாக நின்றது. அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

ஏழாவதுக்கு மூச்சை அடக்கியபோது, வலது கன்னத்தில் அறைந்துகொண்டிருந்த வடமேற்குக் காற்று சட்டென்று விழுந்துவிட்டது. ஓரக்கண்ணில் கொடி தொங்கியது. நீ "சுடு" என்றாய். நீ கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பாலைவனத்தில் இத்தனை மாதம் இருந்தவனுக்கு எங்கள் காற்று மறந்துவிட்டது என்று நினைத்தேன். "கொஞ்சம் இரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், திருகு பழைய காற்றுக்கே இருக்கிறது என்று நினைத்து, குறியைக் கறுப்பின் இடது ஓரத்துக்குத் தள்ளிச் சுட்டேன். நீயோ காற்று விழுந்ததைப் பார்த்து அதற்குள் திருகைத் திருப்பிவிட்டிருக்கிறாய்; ஒரே திருத்தத்தை இரண்டு பேரும் செய்துவிட்டோம். காதில் அடைப்பான் செருகியிருந்ததால் திருகின் சின்னச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

பலகை மேலே வந்தபோது தகடு இடது விளிம்பில் இருந்தது. இரண்டே புள்ளி. "என்னுது" என்றாய் நீ. "என்னுது" என்றேன் நான், அதே நேரத்தில். அலெக் நம்மை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரு சேந்து ஒரு குண்டத் தொலைச்சு நான் பாத்ததே இல்லப்பா" என்றார். கடைசியில் ஒரு புள்ளியில் தோற்றோம்.

காரில் நீ, "என்னை நம்பலியா நோலின்?" என்றாய். "திருப்புறேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?" என்றேன். வீட்டுக்கு வந்து தாள்களை மேசையில் வைத்துவிட்டு நீ வேலி கட்டப் போய்விட்டாய். கட்டத் தேவையில்லாத வேலி.

நாம் இரண்டு பேரும் காற்றைச் சரியாகத்தான் பார்த்தோம், கெல்வின். அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது. நீ ஊரை விட்டுப் போனதும் ஒருவேளை சரியாகத்தான் இருக்கும். என்னைக் கேட்காமல் போனாய். நானும் கேட்காமல் இங்கே வேறொருத்தியாக மாறிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை முன்னாலேயே வாயைத் திறந்து சொல்கிறேன். நான் கால்கூர்லிக்கு வரவில்லை. உன்மேல் பிரியம் இருக்கிறது, அது எங்கும் போகவில்லை. ஆனால் அங்கே வந்தால் மறுபடியும் காருக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. நீ திரும்பி வா. வருவதானால் வருகிறேன் என்று எழுது. வராவிட்டால் அதையும் எழுது. தபால் வண்டி வரும் வரை நான் ஜன்னலை விட்டு ஜன்னல் மாறிக்கொண்டுதான் இருப்பேன்.

உன்
நோலின்


கால்கூர்லி
25 மார்ச் 1987

அன்பு நோலினுக்கு,

வீடு வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன். ஹார்மோனிகாக்காரனின் மனைவி வருகிறாளாம், அவர்களுக்குப் போகட்டும். நானும் திரும்பி வரவில்லை.

இதை எழுத நான்கு தாள் கிழித்தேன். ஆட்டு விலை விழுந்ததால் வந்தேன் என்று ஊரில் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அது பாதிதான். போன வருஷம் காலையில் எழுந்தால் பூட்ஸை மாட்ட முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த நிலத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டும். நீ சமையலறையில் பாடிக்கொண்டிருப்பாய். சொன்னால் என்னைத் தூக்கி நிறுத்த வருவாய் என்று தெரியும். அதற்குத்தான் பயந்தேன். இங்கே பூமிக்கு அடியில் காற்று என்று ஒன்று இல்லை, நோலின். எந்தப் பக்கமும் பார்க்க வேண்டாம். தூங்குகிறேன். உன்னிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தூங்குகிறேன்.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நிலமும் ஆடும் துப்பாக்கியும் உன்னுடையவை. கட்டையை நீ நன்றாகவே இழைத்திருந்தாய், அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. அலெக்குக்கும் ஒரு கடிதம் போட்டேன். அடுத்த வருஷம் கோச் தேடி அலைய வேண்டாம், நோலினைப் பின்னால் உட்கார வையுங்கள், அன்றைக்குக் காற்று விழுந்ததை மைதானத்தில் என்னைத் தவிரக் கவனித்தது அவள் ஒருத்திதான் என்று எழுதினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது, இதையும் உன்னைக் கேட்காமலே செய்துவிட்டேன். வேண்டாமென்றால் அவரிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு எழுதத் தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் பரவாயில்லை.

கெல்வின்